தொடும் தூரத்துக்கான வில்

வில் என்றதும் மனம் தூரத்தை நினைக்கிறது. கண்ணுக்கெட்டிய எல்லையில் இலக்கு, ஆளுயர வில், காதுவரை இழுத்த நாண். காவியங்களும் திரைப்படங்களும் நமக்குள் ஏற்றிவைத்த உருவம் இது. வட அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் லகோட்டா, செயேன், கொமான்சி, க்ரோ, பிளாக்ஃபீட், பானி, ஒமாஹா மக்கள் குதிரைமேல் ஏந்திச் சென்ற வில் இந்த உருவத்துக்குள் அடங்காது. பெரும்பாலும் நான்கடி நீளம்தான். தரையில் ஊன்றி நிறுத்தினால் இடுப்பைச் சற்றே தாண்டும். நாணை 20 முதல் 24 அங்குலம்வரை இழுத்தால் போதும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே பார்க்கும்போது சிறுவர்களுக்காகச் செய்தது என்றுகூடத் தோன்றும். இந்த வில்லிலிருந்து கிளம்பிய அம்பு பைசனின் உடலை ஒருபுறம் துளைத்து மறுபுறம் வெளியேறியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தக் குட்டை வில்லைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: இது நெருங்கிச் செல்பவரின் வில். அதன் நீளம், வளைவு, முதுகில் ஒட்டிய தசைநாண், அம்பின் இறகு, நாண் பொருந்தும் குதையின் அகலம் எல்லாம் சில அடித் தூரத்தை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. அந்தச் சில அடிகளைப் புரிந்துகொள்ளாமல் இதைச் செய்ய உட்காருகிறவர்கள், அழகான ஒரு குட்டை வில்லைச் செய்துவிட்டு அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமலே நிற்கிறார்கள்.

வேட்டை நடந்த விதத்தைச் சொல்கிறேன். வேட்டைக்கென்றே பழக்கிய குதிரை ஒன்று இருக்கும். சுமை தூக்க அதை விடமாட்டார்கள். வேட்டைக் களம்வரை வேறொரு குதிரையில் வந்து கடைசி நேரத்தில்தான் இதன்மேல் ஏறுவார்கள். வில் இடக்கையில் இருப்பதால் அம்பு குதிரையின் இடப்பக்கம்தான் எளிதாகப் பாயும். ஆகவே ஓடும் பைசனின் வலப்பக்கமாகக் குதிரை அணைந்து செல்ல வேண்டும். கடிவாளத்தைப் பிடிக்கக் கை இல்லை. முழங்காலின் அழுத்தத்தையும் உடலின் சாய்வையும் கொண்டுதான் குதிரை போக வேண்டிய இடத்தை அறிகிறது. முழுவளர்ச்சி அடைந்த ஆண் பைசன் 900 கிலோவரை இருக்கும், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதன் கடைசி விலா எலும்புக்குப் பின்னாலிருந்து முன்நோக்கிச் சாய்வாக, நுரையீரலுக்குள் அம்பு இறங்க வேண்டும். நாண் அதிரும் ஓசை கேட்டதும், யாரும் சொல்லாமலே குதிரை வெளிப்பக்கம் விலகும். அடிபட்ட பைசன் கொம்பைத் திருப்பும் நொடி அது என்று அதற்குத் தெரியும். குதிரையின் கழுத்திலிருந்து நீண்ட கயிறு ஒன்று தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். தூக்கி எறியப்பட்டவர் எட்டிப் பிடிக்க அது ஒன்றே துணை. 1832இல் மிசூரி ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்ற ஓவியர் ஜார்ஜ் கேட்லின் இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

நீண்ட வில் இங்கே உதவாது. குதிரையின் கழுத்துக்கு மேலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வில்லைத் தூக்கிக் கடத்த வேண்டியிருக்கும். ஆளுயர வில்லின் கீழ்முனை குதிரையின் தோளில் இடிக்கும். ஆனால் குதிரை வந்ததால்தான் இந்த நெருக்கம் வந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஸ்பானியரிடமிருந்த குதிரைகள் பெருமளவில் பழங்குடிகளின் கைக்கு வந்தது 1680இல் நியூ மெக்சிகோவில் நடந்த புவெப்லோ கிளர்ச்சிக்குப் பிறகு. வடக்குப் புல்வெளிகளுக்கு அவை பரவி முடிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன்பும் அங்கே வேட்டை இருந்தது. ஓநாய்த்தோலைப் போர்த்திக்கொண்டு இரண்டு மனிதர்கள் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து மந்தையின் ஓரத்துக்குப் போவதையும் கேட்லின் வரைந்திருக்கிறார். மந்தை ஓநாய்களுக்குப் பழகியது. வலிமையான பைசன் தனி ஓநாயைக் கண்டு ஓடாது. நெருங்குவது என்கிற கலை குதிரையைவிட மூத்தது. குதிரை அதற்கு வேகத்தைக் கொடுத்தது.

மரத்துக்கு வருகிறேன். வடக்கே ஆஷ், சோக்செர்ரி, ஜூனிபர். மலைப்பக்கத்து மக்கள் பெருங்கொம்பு ஆட்டின் கொம்பைச் சூடாக்கி நிமிர்த்தி வில் செய்தார்கள். அது தனிக் கலை, தனியாக எழுத வேண்டியது. எல்லா மரங்களுக்கும் மேலாக மதிக்கப்பட்டது ஓசேஜ் ஆரஞ்சு. ஆரஞ்சுக்கும் அதற்கும் உறவில்லை; பலா, மல்பெரி ஆகியவற்றின் குடும்பம். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா எல்லையில் சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சிறு பகுதிதான் அதன் சொந்த நிலம். பிரெஞ்சு வணிகர்கள் அதை வில்மரம் என்றே அழைத்தார்கள். 1804 மார்ச்சில் செயின்ட் லூயிஸிலிருந்து மெரிவெதர் லூயிஸ் அதன் கிளைகளை நடுவதற்காகக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுக்குப் பின் மிசூரி வழியே பயணம் செய்த இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, அரிக்காரா மக்களின் ஊர்களில் இந்த மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு போர்வையும் என்று குறித்துவைத்தார். அரிக்காரா ஊர்கள் இன்றைய தெற்கு டகோட்டாவில் இருந்தன. மரம் வளரும் இடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு குச்சி அவ்வளவு தூரம் கைமாறிச் சென்றதென்றால் அதன் தரத்தைப் பற்றி வேறு சான்று தேவையில்லை.

இந்த மரத்தைப் பற்றிய ஒரு கருதுகோள் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அதன் காய் பச்சையாக, சுருக்கங்களோடு, ஒரு கையில் அடங்காத பருமனில் இருக்கும். இன்றைய விலங்குகளில் அதை விழுங்கி விதையைத் தூரத்துக்கு எடுத்துச் செல்வது அனேகமாக எதுவும் இல்லை. பனியுகம் முடியும் காலத்தில் அழிந்துபோன மாஸ்டடான் யானைகளும் அக்காலத்து அமெரிக்கக் குதிரைகளும் அதைத் தின்று பரப்பியிருக்கலாம், அவை போன பிறகு மரம் ஒரு மூலைக்குச் சுருங்கியிருக்கலாம் என்கிறார்கள் சில அறிவியலாளர்கள். குதிரை தோன்றிய கண்டம் அமெரிக்கா; அங்கிருந்து அது அழிந்து, ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஸ்பானியக் கப்பல்களில் திரும்பி வந்தது. கருதுகோள் சரியென்றால், கொமான்சி ஒருவர் ஓசேஜ் ஆரஞ்சு வில்லோடு குதிரையேறியபோது பிரிந்துபோன பழைய உறவுக்காரர்கள் இருவர் அவர் உடம்பின் வழியே மறுபடி சேர்ந்தார்கள்.

அந்த மரத்துக்கு நேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முள் அடர்ந்த அதன் செடிகளை நெருக்கி நட்டால் மாடு நுழையாத வேலி ஆகும் என்பதைக் குடியேறிய விவசாயிகள் கண்டுகொண்டார்கள். 1870களில் முள்கம்பி வரும்வரை, வந்த பின்பும் கம்பத்துக்காக, மத்திய மேற்கு எங்கும் அதை மைல்கணக்கில் நட்டார்கள். குதிரையில் திறந்தவெளியைக் கடந்தவர்களின் வில்மரம், அந்தத் திறந்தவெளியைப் பங்குபோட்டு அடைத்த வேலியானது. இன்று வில் செய்கிறவர்களுக்கு நல்ல மரம் கிடைப்பது கான்சஸ் போன்ற இடங்களில் கைவிடப்பட்ட அந்தப் பழைய வேலிகளிலிருந்துதான்.

வெட்டிய மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பது நல்லது. ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டும். ஆப்பு நார் போகிற வழியில் போகும். துண்டுகளின் முனைகளில் கொழுப்போ பசையோ பூசி நிழலில் உலர விடுகிறார்கள். ஆஷ் என்றால் பட்டையை உரித்ததும் அடியில் இருக்கும் வழவழப்பான பரப்பே வில்லின் முதுகு. ஓசேஜ் ஆரஞ்சில் அப்படி இல்லை. பட்டைக்கு உள்ளே வெளிறிய வெள்ளை மரம். அதை முழுக்க நீக்கி, மஞ்சள் நிறச் சேகுக்குள் நுழைந்து, ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, முனையிலிருந்து முனைவரை அந்த ஒரே வளையம் முதுகாக அமையும்படி சீவ வேண்டும். இரு கைப்பிடிகள் கொண்டு தன் பக்கம் இழுத்துச் சீவும் கத்தியால் இன்று செய்கிறார்கள். முன்பு கல்லும் எலும்பும், பிறகு வணிகர் தந்த இரும்பும். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே வசந்தகால வளர்ச்சியில் உண்டான நுண்துளை அடுக்கு மெல்லியதாக இருக்கும். கத்தி அதைத் தொட்டதும் ஓசை மாறும். வழுக்கிச் சென்ற கத்தி நறநறக்கும். அங்கே நிறுத்த வேண்டும். காது சொல்வதைக் கை கேட்கவில்லையென்றால் கீழே இருக்கும் வளையம் அறுபடும். அறுபட்ட நார் ஒருநாள் நாணை இழுக்கும்போது அங்கேயே எழும்பி முறியும். மரத்தில் முடிச்சு இருந்தால் வளையமும் அதைச் சுற்றி மேடாக எழுந்து இறங்கும். மேட்டை மட்டமாக்காமல் அப்படியே விட்டு அதைச் சுற்றிச் சீவ வேண்டும். அதனால்தான் பழைய வில்களின் முதுகு நேர்க்கோட்டில் இருப்பதில்லை. ஆற்றில் நீர் போவதைப் போல நெளிகிறது. இப்படி நெளியும் வில்லை நான் நேரான வில்லைவிட மேலாக மதிக்கிறேன். செய்தவர் மரத்தின் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

பிறகு வளைவு. வெளிப்பக்கம் முதுகு, எய்பவரை நோக்கும் பக்கம் வயிறு. முதுகைத் தொடக் கூடாது. வயிற்றுப்புறத்தை மட்டும் சுரண்டிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வில்லின் மேற்கையும் கீழ்க்கையும் ஒரே அளவில், எந்த இடத்திலும் மடங்காமல், எந்த இடத்திலும் முரண்டு பிடிக்காமல் வளைய வேண்டும். ஆங்கிலேயரின் நீண்ட வில்லில் உள்ள தாராளம் இதில் இல்லை. நான்கடி மரம் 22 அங்குலம் இழுபடும்போது ஒவ்வொரு அங்குலமும் தன் பங்குப் பாரத்தைச் சுமந்தாக வேண்டும். பிடிக்கும் இடமும்கூட மெல்ல வளையும். ஓரிடத்தில் அரை மயிரிழை அதிகம் சுரண்டினால் பாரம் எல்லாம் அங்கே குவியும், வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடு விழும். ஆஷ் மரத்தில் வேலை செய்தபோது நான் கற்ற பாடம், நாணை இழுத்துவிட்டு உடனே கத்தியை எடுக்கக் கூடாது என்பது. வில்லைச் சுவரில் சாய்த்து, எழுந்து தள்ளிப்போய், வளைவை வெறும் கண்ணால் நெடுநேரம் பார்க்க வேண்டும். கை அவசரப்படும், கண் அவசரப்படாது.

மரத்தால் தாங்க முடியாத இழுவையைத் தாங்கத் தசைநாண் வருகிறது. மரம் தன் நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே முறியத் தொடங்கும். தசைநாண் எட்டு, பத்துப் பங்குவரை நீண்டு கொடுக்கும். பைசனின் முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் தட்டையான தசைநாணைப் பிரித்து உலர்த்துகிறார்கள். காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்திருக்கும் அதைத் தட்டி இளக்கி, விரலால் நார் நாராகக் கிழிக்க வேண்டும். விலங்கை அறுப்பதும் இதைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் பணி. அவர்களின் தையல் நூலும் இதுவே. தோலின் கழிவுகளைக் கொதிக்கவைத்து எடுத்த பசையில் அந்த நார்களை நனைத்து, சுவருக்குச் செங்கல் அடுக்கும் முறையில் ஒன்றின் முனை இன்னொன்றின் நடுவில் வரும்படி முதுகில் பதிக்கிறார்கள். உலரும்போது நார் சுருங்கி, வில்லை நாண் ஏற்றும் திசைக்கு எதிராக வளைத்துவிடும். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். நாணும் அதே தசைநாணை முறுக்கித் திரித்ததுதான். மழை பட்டால் நாணும் முதுகும் ஒன்றாகத் தளரும் என்பதால் வில்லையும் அம்பையும் ஒன்றாய் வைக்கும் இரட்டை உறையை நீர்நாய்த்தோலிலோ மலைச்சிங்கத் தோலிலோ செய்தார்கள்.

இங்கே நான் நின்றுவிடுகிறேன். வில்லின் முதுகு பைசனுடையது. நாண் பைசனுடையது. ஒட்டும் பசையும் அதன் தோலிலிருந்து வந்தது. அம்பின் முனையையும் இறகையும் கட்டும் நார் அதன் முதுகிலிருந்து உரித்தது. போன பருவத்தில் விழுந்த விலங்கின் உடம்பைக் கொண்டு இந்தப் பருவத்து விலங்கை நெருங்குகிறார் வேட்டைக்காரர். அந்த மக்களின் சடங்குகளில் பைசனை உறவாக அழைத்து நன்றி சொல்வதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவித்துவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வில்லைச் செய்து பார்த்தால் அது கணக்கு என்று தெரியும்: எதை எங்கிருந்து எடுத்தோம் என்கிற நேர்மையான கணக்கு.

வில்லைவிட அம்புதான் கடினம். வில் ஒன்று நன்றாக அமைந்தால் பல ஆண்டு வரும். அம்புகளோ ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒரே வில்லிலிருந்து கிளம்பும் எல்லா அம்பும் ஒரே வழியில் போனால்தான் கை தன் பழக்கத்தை நம்ப முடியும். சோக்செர்ரி, சிவப்புத்தண்டு டாக்வுட், சஸ்கட்டூன் பெர்ரி, கரன்ட் ஆகிய புதர்களின் நேரான இளங்கிளைகளைக் குளிர்காலத்தில் வெட்டினார்கள். அப்போது மரச்சாறு இறங்கியிருக்கும். விரல் பருமன். கட்டாக இறுக்கிக் கட்டிக் கூடாரத்தின் உச்சியில், புகை வெளியேறும் இடத்தில் தொங்கவிட்டால் மெல்லக் காயும். பிறகு பட்டையைச் சுரண்டி, கொழுப்புத் தடவி, தணலில் காட்டி, கோணலைக் கையாலும் துளையிட்ட கொம்பாலும், சிலர் பல்லாலும் நிமிர்த்துவார்கள். காடி செதுக்கிய இரண்டு மணற்கற்களுக்கு இடையே குச்சியை வைத்து இழுத்தால் முழுவதும் ஒரே பருமனுக்கு வரும். இந்த மணற்கல் ஜோடிகள் புல்வெளி எங்கும் அகழாய்வுகளில் கிடைக்கின்றன. மரக்குச்சிகள் மக்கிப்போய்விட்டன, அவற்றின் பருமன் கல்லில் இருக்கிறது.

நீளத்துக்கு உடம்பே அளவுகோல். முழங்கை மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை ஓர் அளவு, அதோடு ஒரு கை நீளம். ஆளுக்கு ஆள் மாறும். ஏறக்குறைய 24, 25 அங்குலம். ஆக, இன்னொருவரின் அம்பு உங்கள் வில்லுக்குப் பொருந்தாது. நீளத்தைவிட நுட்பமானது விறைப்பு. நாண் அம்பைத் தள்ளும்போது வில்லின் தண்டு நேர் எதிரே குறுக்கே நிற்கிறது. அம்பு வில்லைச் சுற்றி ஒருமுறை வளைந்து, மறுபுறம் வளைந்து, நடுங்கிக்கொண்டே விலகி, பிறகுதான் நேராகிறது. 1930களில் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படக்கருவியால் இதைப் படம்பிடித்துக் காட்டினார். விறைப்பு மிகுந்தால் அம்பு ஒருபுறம் ஒதுங்கும்; குறைந்தால் மறுபுறம். வில்லின் வலுவுக்கேற்ற விறைப்பு வேண்டும். புல்வெளி மக்களின் கையில் தராசு இல்லை. குச்சியின் இரு முனையையும் பிடித்து மெல்ல வளைத்து, இது சேரும், இது சேராது என்று பிரித்தார்கள். ஒரு கட்டுக் குச்சியை அப்படி வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் உள்ளங்கைக்கே தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று விளக்கத்தான் முடியாது.

குச்சியின் நெடுக மூன்று கோடுகள் கீறியிருப்பார்கள், சில நேராக, சில மின்னலின் வடிவில் வளைந்து. மின்னலின் வேகம் அம்புக்கு வர என்கிறது ஒரு விளக்கம். காயத்திலிருந்து இரத்தம் வழிய என்கிறது இன்னொன்று. நிமிர்த்திய குச்சி மீண்டும் கோணாமல் இருக்க என்கிறது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் ஒரு குச்சியை நேராக்கி, அது நேராகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அதன்மேல் மின்னலை வரைந்தவரிடம் இரண்டு காரணமும் சேர்ந்தே இருந்திருக்கும்.

இறகு மூன்று. வான்கோழி, பருந்து, ஆந்தை, கழுகு. ஓர் அம்பில் வரும் மூன்றும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும். இடதும் வலதும் கலந்தால் சுழற்சி குழம்பும். புல்வெளி அம்பின் இறகுகள் நீளமானவை, தண்டில் கால் பங்குக்கு மேல்கூட ஓடும். தூரத்துக்கு எய்பவர் இவ்வளவு நீள இறகைக் கட்டமாட்டார், காற்று பிடித்து இழுக்கும். சில அடியில் பாய வேண்டிய அம்பு கிளம்பிய கணமே நேராகியாக வேண்டும். அதற்கு இந்த நீளம். குதைப் பக்கம் அம்பின் அடி சற்றுப் புடைத்திருக்கும். கட்டைவிரலுக்கும் மடித்த ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைக் கிள்ளிப் பிடித்து இழுத்தார்கள். ஓடும் குதிரைமேல் பார்க்காமலே பற்ற இந்தப் புடைப்பு வசதி. அந்த வேகத்தின் உச்சத்தையும் கேட்லின் பதிவுசெய்தார்: மான்டன் இனத்து இளைஞர்கள் ஒரு கொத்து அம்பை வில்லோடு சேர்த்து இடக்கையில் பிடித்து, முதல் அம்பு தரையில் விழுவதற்குள் எட்டு அம்புவரை வானில் ஏற்றினார்கள்.

வேட்டை அம்பின் முனைத்தகடு செங்குத்தாகவும் போர் அம்பின் தகடு கிடையாகவும் இருக்கும், விலா எலும்புகளின் இடைவெளிக்காக என்றொரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. இறகு கட்டிய அம்பு சுழன்றுகொண்டே போகிறது. எய்த கோணத்தில் அது போய்ச் சேராது. இந்தக் கதையை விட்டுவிடலாம்.

விட முடியாத ஒன்று, அம்பின் அடியில் தீட்டிய வண்ணப் பட்டைகள். ஒவ்வொருவருக்கும் தனிக் குறி. கூட்டு வேட்டை முடிந்ததும் புல்வெளியில் விழுந்து கிடக்கும் விலங்குகளுக்கு நடுவே நடந்து, அம்பின் குறியைப் பார்த்து இது யாருடையது என்று அடையாளம் கண்டார்கள். யார் நெருங்கினார் என்பதை அம்பு சொல்லும். துப்பாக்கிக் குண்டு அப்படிச் சொல்லாது. லகோட்டா எழுத்தாளர் லூதர் ஸ்டாண்டிங் பேர் சிறுவனாகத் தன் முதல் பைசனை வீழ்த்தியதை எழுதியிருக்கிறார். ஐந்து அம்பு தேவைப்பட்டது. நான்கைப் பிடுங்கிவிட்டு ஒரே அம்பில் வீழ்த்தியதாகச் சொல்லலாமா என்று அவர் மனம் ஊசலாடியது. தந்தை சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வர, ஐந்தையும் அப்படியே விட்டு உண்மையைச் சொன்னார். 1879இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்ட முதல் குழுவில் அவரும் இருந்தார். அங்கே அவர் முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது. வில் செய்வதைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியதை அந்த வெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதியதாகவே நான் வாசிக்கிறேன்.

செயேன் மக்களுக்கு அம்பு இதற்கும் மேலான ஒன்று. தெற்கு டகோட்டாவின் பேர் பியூட் மலையில் ஸ்வீட் மெடிசின் என்ற தீர்க்கதரிசிக்கு நான்கு புனித அம்புகள் அளிக்கப்பட்டன என்பது அவர்கள் மரபு. இரண்டு பைசனுக்கானவை, இரண்டு மனிதருக்கானவை. 1830இல் பானிகளுடனான போரில் அவை பறிபோனதை ஓர் இனத்துக்கு நேர்ந்த பேரிடராகவே அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பின்னர் சில மீண்டன. காப்பாளர் ஒருவரின் பொறுப்பில் ஓக்லஹோமாவில் அவை இன்றும் இருக்கின்றன. செயேன் ஒருவர் இன்னொரு செயேனைக் கொன்றால் அந்தப் புனித அம்புகளில் இரத்தக்கறை படியும். கொலையாளி நாடுகடத்தப்படுவார், அம்புகளைப் புதுப்பிக்கும் சடங்கு நடக்கும்வரை மக்களுக்கு நன்மை இல்லை, வேட்டையும் வாய்க்காது. நெருங்கிக் கொல்லத் தெரிந்த சமூகம், யாரை நெருங்கிக் கொல்லக் கூடாது என்பதற்கும் அம்பையே சாட்சியாக வைத்தது. உலகின் சட்ட மரபுகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் அறிந்ததில்லை.

தூரத்துக்கும் இந்த வில் பயன்பட்டதை மறைக்க மாட்டேன். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில், பள்ளங்களில் மறைந்தபடி வானை நோக்கி அம்புகளை எய்து அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் வீரர்கள்மேல் விழச்செய்ததை, அங்கே போரிட்ட செயேன் வீரர் வுடன் லெக் பின்னாளில் விவரித்திருக்கிறார். அது தேவையின் தந்திரம். புல்வெளி மக்களின் போர் மதிப்பீட்டில் உயர்ந்த பெருமை எதிரியைக் கொல்வதில் இல்லை. உயிரோடு இருக்கும் எதிரியைக் கையாலோ கோலாலோ வில்லாலோ தொட்டுவிட்டுத் திரும்புவதில் இருந்தது.

வில்லின் முடிவைக் கொண்டுவந்தது துப்பாக்கி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குதிரைமேல் குண்டு நிரப்புவதைவிட அம்பு தொடுப்பது வேகமானது என்பதால், 1844இல் வாக்கர்ஸ் க்ரீக்கில் டெக்சாஸ் ரேஞ்சர்கள் அடுத்தடுத்துச் சுடும் கோல்ட் ரிவால்வரோடு கொமான்சிகளை எதிர்கொள்ளும்வரை வில்லின் கையே ஓங்கியிருந்தது. அதன் பிறகும் பைசன் வேட்டையில் வில் நீடித்தது. வில்லை முடித்தது பைசனின் அழிவு. 1871ஐ ஒட்டிப் பைசன் தோலைத் தொழிற்சாலைப் பட்டைகளுக்கான தோலாகப் பதனிடும் முறை வந்ததும் தோல் வேட்டைக்காரர்கள் இறங்கினார்கள். தொலைதூரத் துப்பாக்கியோடு ஓரிடத்தில் படுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டார்கள். தெற்கு மந்தையைத் தொடர்ந்து 1883 அளவில் வடக்கு மந்தையும் இல்லை. சில ஆண்டுகளில் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே எண்ணிப் பார்த்தபோது கோடிக்கணக்கில் இருந்த இனத்தில் எஞ்சியவை ஏறக்குறைய ஆயிரம். முதுகும் நாணும் பசையும் ஒருசேரப் போயின.

அப்படி எல்லாம் போன பிறகு, 1916 மே மாதம் தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் ஒதுக்கிடத்தில் உள்துறைச் செயலர் ஃபிராங்க்ளின் லேன் ஒரு சடங்கை நடத்தினார். அமெரிக்கக் குடியுரிமை பெறும் பழங்குடி ஆண் ஒவ்வொருவரும் அவரது பழைய பெயரால் அழைக்கப்பட்டு, கையில் வில்லும் அம்பும் தரப்பட்டு, எய்யச் சொல்லப்பட்டார். இது உன் கடைசி அம்பு என்று அறிவிக்கப்பட்டது. அடுத்து அவர் கை கலப்பையில் வைக்கப்பட்டது. பெண்களுக்குக் கைவேலைப் பையும் பணப்பையும். பிற ஒதுக்கிடங்களிலும் இது நடந்தது. அந்த அம்புகளைப் பற்றி நான் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. குறி பார்க்க எதுவும் இல்லாமல், வெற்று வெளியில், ஓர் அதிகாரியின் முன்னால் எய்யச் சொல்லப்பட்ட அம்புகள். யார் நெருங்கினார் என்று சொல்ல வேண்டிய பொருளைக்கொண்டு, இனி எதையும் நெருங்காதே என்று சொல்லவைத்தார்கள். இந்த வில்லுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளில் இதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

அது கடைசி அம்பாக அமையவில்லை. 1992இலிருந்து பழங்குடிகளின் கூட்டமைப்பான இன்டர்ட்ரைபல் பஃபலோ கவுன்சில் பைசன்களை மீண்டும் அவர்கள் நிலத்துக்குக் கொண்டுவருகிறது. 80க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் இருக்கின்றன. மந்தை இருந்தால் தசைநாண் இருக்கும். கழுகு இறகை வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை; பதிவுபெற்ற பழங்குடியினர் கொலராடோவில் உள்ள தேசியக் களஞ்சியத்துக்கு விண்ணப்பித்துப் பெறலாம். வெளியார் வான்கோழி இறகோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அது நல்ல இறகும்கூட. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழங்குடியினர் அல்லாதவர் செய்ததைப் பழங்குடிக் கைவேலை என்று சொல்லி விற்பது குற்றம். சரியான சட்டம்.

வெளியார் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறவர் எந்த மக்களின் வில் என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும். கொமான்சியின் ஓசேஜ் ஆரஞ்சு வில்லும் க்ரோவின் கொம்பு வில்லும் ஒன்றல்ல. குளிர்காலத்தில் குச்சி வெட்டட்டும், கடையில் வாங்கிய உருண்டைக் கம்பு வேண்டாம். செய்து முடித்ததும் ஐம்பது கஜம் தள்ளி வட்டப் பலகையை நட்டு, வில் குறி தவறுகிறது என்று குறைசொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பலகையைப் பத்தடிக்குக் கொண்டுவர வேண்டும். நின்று எய்யாமல், அதைக் கடந்து வேகமாக நடந்தபடி, இடப்பக்கம் திரும்பி, நாணை மார்பளவுக்கு இழுத்ததுமே விட்டுப் பார்க்க வேண்டும், பிறகு ஓடிக்கொண்டே.